60, 65, 67: மச்சான் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

இந்த மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் சாப்பிட்டு எழுந்த மச்சான், கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டுகிறது, கை நீட்டியபடி இருக்கிறது, மனிதர் அசையவில்லை. அரை நிமிடம் இருக்கும். என் மனைவி “அண்ணே” என்று ஒரு குரல் கொடுத்த பிறகுதான் கையைத் தேய்த்தார். முந்தின ராத்திரி இரண்டு மணிக்கு டெல்லியில் விமானத்தை இறக்கிவிட்டு, அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து திருச்சி, திருச்சியிலிருந்து கார் என்று மன்னார்குடி பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார். பெரிய விமானத்தில் கேப்டன். வயது 59. வருகிற ஆவணியில் 60.

சாயங்காலம் திண்ணைக்கு வந்ததும் மஞ்சள் பையிலிருந்து இரண்டு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒன்று கம்பெனியுடையது. 60 முடிந்ததும் ஓய்வு. விருப்பமிருந்தால் 65 வரை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம். சம்மதத்தை எழுதித் தரவும். இன்னொன்று அவருடைய விமானிகள் சங்கம் உறுப்பினர்களிடம் கேட்டிருக்கும் கருத்து. ஓய்வு வயது என்னவாக இருக்கலாம்? 60, 65, 67 என்று மூன்று கட்டம், எதிரே டிக்.

மூன்றாவது காகிதம் என் மகனுடையது. அவனும் விமானிதான், வேறொரு கம்பெனியில் கோ-பைலட், வயது 29. அங்கே சங்கமே கிடையாது. அகில இந்திய அளவில் இருக்கும் விமானிகள் கூட்டமைப்பில் சேரச் சொல்லி நண்பன் ஒருவன் அனுப்பிய படிவம் அவன் போனில் ஒரு மாதமாகக் கிடக்கிறது.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பதினோரு வருஷம் கிளைச் சங்கச் செயலாளர். அந்தத் தகுதியில்தான் என்னிடம் கேட்டார்கள். ஆனால் நான் நடுநிலை நடுவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் மனைவியின் அண்ணன். இன்னொருவன் பெற்ற பிள்ளை. அவனுடைய 200 மணி நேரப் பறக்கும் பயிற்சிக்காக ஆறு மா (இரண்டு ஏக்கர்) நிலம் இன்னும் அடமானத்தில் இருக்கிறது. மச்சான் நாற்காலியை விட்டு எழுந்தால் மகனைப் போன்றவர்களுக்கு இடம். எழாவிட்டால் மச்சானுக்கு வருமானம். இந்த இடத்தில் உட்கார்ந்துதான் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலில் 60. மச்சானின் மனசு பாதி இங்கேதான் இருக்கிறது. குத்தகைக்கு விட்டிருக்கும் நிலத்தைத் திரும்ப எடுத்து, ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை, அப்புறம் தாளடி என்று இருந்துவிடலாம் என்பார். தங்கையிடம் கேட்டால், “அண்ணன் நாத்து பறிச்சு முப்பது வருசமாச்சு” என்பாள். உடம்பும் ஒரு காரணம். 60 தாண்டிய விமானிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதல் வகுப்பு மெடிக்கல். இதோடு வருஷத்துக்கு இரண்டு முறை சிமுலேட்டரில், அதாவது தரையில் இருக்கும் போலி விமான அறையில், திறன் சோதனை. ஆக வருஷத்தில் நான்கு தேர்வு. எதில் தவறினாலும் வேலை நிற்கும். நம் ஊரில் எந்த அதிகாரி 60-க்கு மேல் இப்படிப் பரீட்சை எழுதுகிறார், சொல்லுங்கள்.

60-இல் நிறுத்தினால் சும்மா இருக்க வேண்டும் என்பதில்லை. சிமுலேட்டரில் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு அனுபவசாலிகள் தேவைப்படுகிறார்கள். ஆகாயத்தில் பறப்பதற்குத்தான் 65 எல்லை. சிமுலேட்டர் அறைக்கு அது பொருந்தாது. ஒரே சங்கடம், அந்த இயந்திரங்கள் விலை அதிகம் என்பதால் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். ராத்திரி டியூட்டி அங்கேயும் விடாது. ஆனாலும் பொழுது விடிந்தால் வீட்டுக்குப் போய்த் தன் கட்டிலில் படுக்கலாம்.

அதெல்லாம் சரி, இந்த 60 என்ற எண் எங்கிருந்து வந்தது? டாக்டர்கள் உடம்பைச் சோதித்துக் கண்டுபிடித்த வயது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கதை வேறு. 1950-களின் கடைசியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் விமானிகளை 60-இல் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது. சங்கம் எதிர்த்தது. தகராறு நடுவரிடம் போய், தீர்ப்பு கம்பெனிக்கு எதிராக வந்தது. உடனே கம்பெனித் தலைவர் சி.ஆர். ஸ்மித், அந்நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் தலைவராயிருந்த ஜெனரல் கெசாடாவுக்குக் கடிதம் எழுதினார். 1959 டிசம்பரில் 60 வயது விதி வந்தது. 1960 மார்ச்சில் அமலானது. சங்கம் நீதிமன்றம் போய்த் தோற்றது. கெசாடா பதவியை விட்டு இறங்கியதும் அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸின் இயக்குநர் குழுவில் உட்கார்ந்தார்.

மாரடைப்பு, மயக்கம் பற்றிய கவலையெல்லாம் உண்மையானவைதான். விதியை எழுதியபோது அவற்றையும் சொன்னார்கள். ஆனால் நடுவரிடம் தோற்றவர்கள் சட்டத்தின் வழியாக வென்ற கதை அது. மச்சான் கையிலிருந்த இரண்டு காகிதமும் ஒரே சமயத்தில் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓய்வு வயதும் சங்கமும் பிறந்ததிலிருந்தே ஒட்டிக்கொண்டவை.

அந்த அமெரிக்கச் சங்கம் பிற்பாடு அடித்த பல்டியும் சுவாரசியமானது. 1960-இல் 60 கூடாது என்று வழக்குப் போட்டவர்கள், 1980 வாக்கில் 60-தான் வேண்டும் என்றார்கள். 2007 மே மாதம் மறுபடி நிலை மாறி 65-க்குச் சம்மதித்தார்கள்; அந்த டிசம்பரில் சட்டம் வந்தது. 2023-இல் 67 ஆக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது எதிர்த்து நின்றார்கள். 2024 மேயில் கையெழுத்தான சட்டத்தில் 65 அப்படியே இருந்தது. கொள்கை இல்லாதவர்கள் என்று சிரிக்கலாம். நான் சிரிக்க மாட்டேன். சங்கத்துக்குள் ஒரு காலத்தில் கிழவர்கள் அதிகம், ஒரு காலத்தில் இளைஞர்கள் அதிகம். பதினோரு வருஷம் செயலாளராக இருந்தவனுக்கு இது புரியும்.

அடுத்து 67. இதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் எல்லை 65. முன்பு அதுவும் 60 தான். 2006 நவம்பரில் 65 ஆனது. ஒருவர் 60 தாண்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவர் 60-க்குக் கீழ் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2014-இல் போயிற்று. விமான நிறுவனங்களின் உலகச் சங்கம் 2025-இல் 67 கேட்டது, பக்கத்து இருக்கையில் 65-க்குக் கீழ் ஒருவர் இருக்கட்டும் என்ற நிபந்தனையோடு. அந்தச் சர்வதேச அமைப்பின் மாண்ட்ரியல் மாநாட்டில் அது தேறவில்லை. ஜப்பான் தன் நாட்டுக்குள் 67 வரை விடுகிறது. நம் நாடு தனியாக அப்படி ஒரு விதி போட்டாலும் மச்சானுக்கு என்ன கிடைக்கும்? 65 தாண்டியவர் நாடு விட்டு நாடு போக முடியாது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குக்கூட ஓட்ட முடியாது. பெரிய விமானத்தை விட்டுச் சின்ன விமானத்துக்கு இறங்க வேண்டும். அதற்குப் புதிதாகப் பயிற்சி. இரண்டு வருஷ வேலைக்காக நாலு மாதம் பாடம். அவர் இறங்கும் இடத்தில் ஏற்கெனவே நிற்பவர்கள் ஒருபடி கீழே தள்ளப்படுவார்கள். மச்சானே கையை ஆட்டி விட்டுவிட்டார்.

மிஞ்சியது 65. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

மகன் முதலில் எரிச்சலோடுதான் பேசினான். “மாமா மாதிரி நூறு பேர் அஞ்சு வருசம் எழுந்திருக்க மாட்டேன்னா, நாங்க எப்ப அந்தப் பக்கம் சீட்டுல உக்கார்றது?” கேப்டன் ஆவதற்குரிய உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும், அவனுக்கு அது முடிந்துவிட்டது. இனி வரிசைதான். விமானிகள் உலகில் சீனியாரிட்டி என்பது நம் முறைப்பாசனம் மாதிரி. எந்த விமானம், எந்தத் தடம், எந்த மாதம் லீவு, எல்லாம் வரிசைப்படி. தலைமடைக்காரன் மடையை அடைக்காமல் இன்னும் ஐந்து நாள் பாய்ச்சினால் கடைமடை வாய்க்காலில் மண்தான் பறக்கும். குறுவை அறுத்தால்தானே தாளடி நடலாம்? அதுவரை நாற்றங்காலில் நாற்று முத்திப்போகும். எங்கள் ஊரில் வளர்ந்த பையன் இப்படித்தான் பேசுவான், நான் பேசவிட்டேன்.

தமிழ்நாட்டில் இது புது வாதமும் இல்லை. அரசு ஊழியர் ஓய்வு வயது 2020 மேயில் 58-லிருந்து 59 ஆனது. 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவித்தார்கள். தேர்வாணையப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்த பிள்ளைகள் அன்று வயிறெரிந்ததை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். எதிர்வீட்டுப் பையன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

ஆனால் மகன் கணக்கில் ஒரு ஓட்டை. வரிசை நகராமல் நிற்பது ஒருமுறை மட்டுமே நடக்கும். அந்த ஐந்து வருஷத்தை அவன் இப்போது இழந்தால், கடைசியில் அவனுக்கும் அதே ஐந்து வருஷம் திரும்பக் கிடைக்கும், உடம்பு ஒத்துழைத்தால். “அது 2056-க்கு அப்புறம் கெடைக்கும்ப்பா. அடமானத்துக்கு வட்டி இந்த மாசம் கட்டணும்” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேறொரு பதில் இருந்தது. தொழில் வளராமல் நிற்கும் இடத்தில்தான் மூத்தவர் எழுந்தால்தான் இளையவருக்கு இடம் என்பது முழு உண்மை. இங்கே 2023-இல் மட்டும் ஏர் இந்தியா 470 விமானமும் இண்டிகோ 500 விமானமும் ஆர்டர் கொடுத்தன. விமானங்கள் வந்து சேர ஆண்டுகள் ஆகும் என்றாலும், புது வாய்க்கால் வெட்டுகிற காலம் இது. மாமா உட்கார்ந்திருப்பதால் இவனுக்குக் கொஞ்சம் தாமதம் ஆகலாம், வழி அடைபடாது. பையன் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

இப்போது மச்சானின் காகிதத்துக்கு வருகிறேன். கம்பெனி எழுதியிருப்பதை ஒருமுறை மேலோட்டமாகப் படித்தால் 65 வரை வேலை என்றுதான் தோன்றும். மச்சானும் அப்படித்தான் படித்திருந்தார். நான் மூன்றாவது முறை படித்தபோதுதான் பிடிபட்டது. இரண்டு விதமான 65 இருக்கின்றன.

ஒன்று, ஓய்வு வயதே 65. அதாவது 60 முடிந்த மறுநாளும் அதே வேலை, அதே வரிசை எண், அதே சம்பள விகிதம். கம்பெனி அனுப்ப வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். ஏர் இந்தியா 2025-இல் தன் விமானிகளின் ஓய்வு வயதை 58-லிருந்து 65 ஆக்கியது இந்த வகை.

இன்னொன்று, ஓய்வு வயது 60. அப்புறம் ஐந்து முறை ஒவ்வொரு வருஷ ஒப்பந்தம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆவணி பிறந்தால் புதுப்பிப்பார்கள், அல்லது புதுப்பிக்க மாட்டார்கள். வரிசையில் அவர் எண் இருக்குமா என்று அந்தக் காகிதத்தில் ஒரு சொல் இல்லை.

“ரெண்டுக்கும் என்னா மாப்ளே வித்தியாசம்? பறக்கிறது ஒண்ணுதானே” என்றார் மச்சான்.

நான் பதிலுக்குக் குழாயடியைக் காட்டினேன். “மத்தியானம் அங்கே நின்னீங்களே, அதே மாதிரி ஒரு நாள் டியூட்டிக்குப் போறதுக்கு முந்தி இருந்தா என்ன செய்வீங்க?”

“களைப்பா இருக்குன்னு எழுதிக் கொடுப்பேன். நாலஞ்சு தடவை கொடுத்திருக்கேன்.”

“ஆடி மாசத்துல, ஆவணி ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகாம இருக்கறப்ப?”

மச்சான் பேசவில்லை. தெருவில் நெல் ஏற்றிய டிராக்டர் ஒன்று கடந்து போனது. அது போய் முடிகிற வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு, “கஷ்டம்தான்” என்றார்.

களைத்துப்போன விமானி பறக்கக் கூடாது என்பது விதி. அந்த விதி வேலை செய்ய வேண்டுமானால் களைப்பைச் சொல்கிறவனுக்குச் சொன்னதால் கெடுதல் வரக் கூடாது. 60 தாண்டியவனுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு அதிகம் வேண்டும். அவனுக்குத்தான் ஆண்டு ஒப்பந்தம் அதைப் பிடுங்கிவிடுகிறது. 60-ஆ, 65-ஆ என்று வயதை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் இதை ஏன் பேசுவதில்லை என்று எனக்கு ஆச்சரியம். நிம்மதியாக ‘இன்று முடியாது’ என்று சொல்லக்கூடிய 64 வயதுக்காரர் ஓட்டும் விமானத்தில் நான் ஏறுவேன். அதைச் சொல்லப் பயப்படும் 61 வயதுக்காரரின் விமானத்தில் ஏறுவதற்கு யோசிப்பேன்.

2024 அக்டோபர் 11 சாயங்காலம் டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமடித்தது. 141 பயணிகள். ஊரே டிவி முன்னால். அன்று மச்சான் போனில் சொன்னார்: அந்த வகை போயிங்கில் எரிபொருளை வெளியே கொட்ட வழியில்லை, எரித்துத்தான் தீர்க்க வேண்டும், பொறுமையாகச் சுற்றுவதுதான் அங்கே திறமை. பத்திரமாக இறங்கியது. எனக்கு அதிலிருந்து தெரிந்தது ஒன்றுதான். அந்த இரண்டு இருக்கையில் இருப்பவர்கள் அன்று நன்றாகத் தூங்கியிருந்தார்களா என்பது பயணிக்கு, வயதைவிடப் பெரிய கேள்வி.

ஆக 65, ஆனால் முதல் வகை 65. அதைத் தனி ஆளாக யார் வாங்கித் தருவார்கள்? அங்கே வந்து நிற்கிறது மற்ற கேள்வி: சங்கம் வேண்டுமா, எந்த மாதிரிச் சங்கம்?

எங்கள் பக்கத்தில் சங்கம் என்றாலே வேறொரு ஞாபகம் வரும். 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் கீழத்தஞ்சைக்கு வந்து பண்ணையாட்களைத் திரட்டியது, அவர்களுக்குத் தண்டனையாகக் கொடுத்துவந்த சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிந்தது, 1952-இல் தஞ்சை பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிராசுதார் நினைத்த மாத்திரத்தில் ஆளை நிறுத்திவிட முடியாது என்று ஆக்கிய சட்டம் அது. மச்சானின் தாத்தா அந்தச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர். ஒரு வேலி, ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர், நிலம் வைத்திருந்தவர். சங்கம் என்ற சொல்லை வீட்டுக்குள் பேசவிட மாட்டாராம். பேரன் இன்று ஆண்டு ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டையும் சமமாக வைத்தால் தப்பு. பண்ணையாளின் பசி மச்சானுக்குத் தெரியாது. அவர் ஒரு மாதச் சம்பளம் எங்கள் தெருவுக்கு ஒரு வருஷம் காணும். ஆனாலும் ‘அடுத்த வருஷம் நீ உண்டா என்பது என் இஷ்டம்’ என்ற வாக்கியம் ஒரே வாக்கியம்தான்.

கேப்டனும் தொழிலாளியா என்று மகன் கேட்டான். சட்டப்படி ஆம் என்று 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு விமானி வழக்கில் சொல்லியிருக்கிறது. சம்பளம் எவ்வளவு என்பதைப் பார்க்கவில்லை; செய்யும் வேலை என்ன என்று பார்த்தது.

சங்கமே வேண்டாம், என் திறமை எனக்குப் பேசும் என்பவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. பிடிக்கவில்லையென்றால் வேறு கம்பெனிக்குப் போவேன் என்பார்கள். எப்படிப் போவீர்கள்? 2017-லிருந்து விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி கேப்டன் ஒரு வருஷமும் கோ-பைலட் ஆறு மாதமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். வேறு எந்த வேலையில் ஒரு வருஷ நோட்டீஸ் கேட்கிறார்கள்? வெளியே போவேன் என்ற மிரட்டல் ஒரு வருஷம் கழித்துப் பலிக்கும் என்றால் அது மிரட்டல் இல்லை, ஜோசியம்.

கம்பெனியே அமைக்கும் விமானிகள் குழு இன்னொரு வழி. மகன் கம்பெனியில் ஒன்று இருக்கிறதாம். கூட்டம் நடக்கும், டீ வரும், குறிப்பெடுப்பார்கள். இதற்கு மேல் எழுத எனக்கு எதுவும் இல்லை.

கம்பெனிக்குள் சொந்தச் சங்கம் என்பதுதான் வலுவான வழி. காயம் பட்டதும் அங்கேதான். 2009-இல் ஜெட் ஏர்வேஸில் சங்கம் தொடங்கிய இரண்டு விமானிகளை வேலைநீக்கம் செய்தார்கள். செப்டம்பரில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நாளில் ‘உடம்பு சரியில்லை’ என்று படுத்தார்கள். ஐந்து நாளில் சமரசம், இருவரும் திரும்ப வேலையில். அதே சங்கம் பத்து வருஷம் கழித்துச் சம்பள பாக்கிக்காகக் குரல் கொடுத்தபோது கம்பெனியிடமே பணம் இல்லை. 2019 ஏப்ரலில் அது பறப்பதை நிறுத்திக்கொண்டது. சங்கம் பலமாக இருந்தும் கிடைக்க ஒன்றுமில்லை.

2012-இல் ஏர் இந்தியாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் 2007-இல் இணைந்த பிறகும் சங்கங்கள் இரண்டாகவே இருந்தன. புது ட்ரீம்லைனர் விமானத்தில் பயிற்சி யாருக்கு என்பதில் ஒரு சங்கம், அடுத்த சங்கத்துக்காரர்களுக்கும் கொடுப்பதை எதிர்த்து 58 நாள் வேலைநிறுத்தம் செய்தது. நூறு பேர் அளவில் வேலை போயிற்று, பிறகு கெஞ்சித் திரும்பியது தனிக்கதை. வாய்க்கால் தண்ணீருக்கு இரண்டு ஊர்க்காரர்கள் வெட்டிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இன்னொரு மாற்றத்தையும் மச்சானிடம் சொன்னேன், அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுச் சட்டம் அமலில் இருக்கிறது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவே வேலைநிறுத்தம். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இரண்டு சங்கம் இருந்தால் 51 சதவீத உறுப்பினர் யாரிடமோ அவர்களோடுதான் கம்பெனி பேச வேண்டும். 2009 வித்தையை இனி அப்படியே செய்துவிட முடியாது. எண்ணிக்கைதான் இனி ஆயுதம்.

கடைசி வழி, மகனுக்கு வந்த அகில இந்தியக் கூட்டமைப்பு. அதனால் ஒரு கம்பெனியோடு உட்கார்ந்து சம்பளம் பேச முடியாது. ஆனால் விதி எழுதுகிறவர்களோடு மல்லுக்கட்ட முடியும். விமானிகளின் புது ஓய்வு விதிகள் 2024 ஜனவரியில் வந்தன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. ராத்திரி என்பது நள்ளிரவு முதல் காலை 6 வரை. ராத்திரியில் ஆறு தரையிறக்கம் வரை இருந்தது இரண்டாகக் குறைந்தது. கம்பெனிகள் தள்ளிப்போடப் பார்த்தன. சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடர்ந்து நின்றதால்தான் 2025 ஜூலை 1-லும் நவம்பர் 1-லும் இரண்டு கட்டமாக அமலானது. டிசம்பர் முதல் வாரம் இண்டிகோவில் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதும் அந்தக் கம்பெனிக்குத் தற்காலிகத் தளர்வு கொடுத்தார்கள். விமானிகள் சங்கங்கள் அதையும் எதிர்த்துக் குரல் கொடுத்தன. மகனுக்கு இன்று வாரத்தில் கிடைக்கும் கூடுதல் 12 மணி நேரத் தூக்கம் அவன் சந்தா கட்டாத சங்கம் வாங்கிக் கொடுத்தது. இதை நான் சொன்னபோது அவன் போனைப் பார்த்துக்கொண்டான்.

அவனுக்கு என் யோசனை: இப்போது கூட்டமைப்பில் சேர்ந்துவிடு. சொந்தக் கம்பெனியில் சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் விண்ணப்பிக்கலாம். ஆனால் மொத்த ஊழியரில் பத்து சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ, அவ்வளவு பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். அந்த நூறு பேர் சேரும் வரை நீ முதல் ஏழில் ஒருவனாக நின்று மாட்டிக்கொள்ள வேண்டாம். அடமானம் இருக்கிறது. சங்கச் செயலாளராக இருந்தவன் இப்படிச் சொல்வது அழகா என்று மனைவி கேட்டாள். அழகில்லைதான். அப்பனாகவும் இருந்து தொலைக்கிறேனே.

மச்சானுக்கு: சங்கத்தின் காகிதத்தில் 65. கம்பெனியின் காகிதத்தில் இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம். இந்த வருஷம் 60 முடிகிறவர்கள் அவரோடு எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பார்க்கட்டும். அத்தனை பேரும் சேர்ந்து, வரிசை எண் தொடர வேண்டும், காரணம் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்ற இரண்டை மட்டும் சங்கத்தின் வழியாகக் கேட்கட்டும். சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். இந்த இரண்டில் கூடாது. கம்பெனி மறுத்தால் ஒரே ஒரு வருஷ ஒப்பந்தம், அதற்குள் சிமுலேட்டர் வேலை ஒன்றைப் பார்த்துவைத்துக்கொண்டு இறங்கிவிடுவது. இப்போது வேகமாக வெளியே வந்துவிட்டு, நாளைக்கு விதி மாறினால் திரும்பிப் போகலாம் என்ற நினைப்பும் வேண்டாம். 2007-இல் அமெரிக்காவில் 65 வந்தபோது, அதற்கு முன்பே 60-இல் ஓய்வு பெற்றவர்கள் திரும்பிச் சேர்ந்தால் புது ஆளாகத்தான் சேர முடிந்தது. முப்பது வருஷ வரிசை எண் போனது போனதுதான்.

மச்சான் பேனா கேட்டார். 65-க்கு எதிரே டிக் போட்டார். ஓரத்தில் இருந்த ஒரு விரல் இடத்தில், ‘ஆண்டு ஒப்பந்தமாக வேண்டாம்’ என்று பொடியெழுத்தில் எழுதினார். பிறகு பெயர்களை எண்ணினார். அவரோடு சேர்த்து இந்த வருஷம் பதினான்கு பேர். அதில் மூன்று பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டதாக ராத்திரி போனில் தெரிந்தது.

கம்பெனி காகிதம் எங்கள் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. மாசிக் கடைசிக்குள் பதில் கொடுக்க வேண்டும். மிச்சம் பத்துப் பேரிடம் மச்சான் பேசிக்கொண்டிருக்கிறார்.